மொட்டை மாடியில் எந்த ஆன்டெனா? வீட்டில் ரேடியோ ஸ்கேனர் தெளிவாகக் கேட்க என்ன செய்யணும்? முழு விவரம்

2024 அக்டோபர் 11 மாலையை திருச்சிக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க மாட்டார்கள். ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 140-க்கும் மேற்பட்டோருடன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்த விமானம், இரவு 8.15 மணியளவில் பத்திரமாகத் தரையிறங்கியது. அதுவரை பலரும் செல்போன் திரையில் அந்தக் குட்டி விமானப் படம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரைபடத்துக்குத் தகவல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒவ்வொரு பயணிகள் விமானமும் தான் இருக்கும் இடம், உயரம், வேகம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொடர்ந்து அறிவித்துக்கொண்டே பறக்கும். உலகம் முழுக்க ஆர்வலர்கள் மாடியில் வைத்திருக்கும் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் அதைப் பிடித்து இணையத்தில் சேர்க்கின்றன. அதற்குத் தேவையான அடிப்படைக் குச்சியின் நீளம் சுமார் 7 சென்டிமீட்டர். நம்ம சுண்டுவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிசு!

இதைக் கேட்டதும் 'நம்ம வீட்டிலேயும் ஒரு ஸ்கேனர் வாங்கி வச்சா என்ன?' என்று தோணும். வாங்கிய பலருக்கும் முதல் நாளிலேயே வருவது 'உஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும்தான். குறை பெரும்பாலும் கருவியில் இருக்காது, ஆன்டெனாவிலும் அதை வைத்த இடத்திலும்தான் இருக்கும். திருச்சியிலிருந்து துறையூர் சாலையில் இருக்கும் திருவெள்ளறையையே உதாரணமா வச்சுக்குவோம். வாங்க, பார்க்கலாம்.

முதலில் சட்டம் என்ன சொல்லுது?

ஆன்டெனா பற்றிப் பேசுவதற்கு முன்னாடி இதைச் சொல்லியே ஆகணும். ஒரு காலத்தில் சாதாரண வானொலிப் பெட்டிக்கே போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டணம் கட்டணும். 1980-களில் அது ஒழிந்தது. ஆகவே எஃப்எம், மீடியம் வேவ், சிற்றலை ஒலிபரப்புகளைக் கேட்க இன்றைக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

ஸ்கேனர் கதை வேறு. 1933-ஆம் ஆண்டின் இந்திய ஒயர்லெஸ் டெலிகிராபி சட்டப்படி, விலக்கு அளிக்கப்படாத ஒயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். போலீஸ், ராணுவம், விமான நிலையக் கட்டுப்பாட்டு அறை பேசிக்கொள்வதைக் கேட்பது இன்னும் பெரிய சிக்கல். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2025 மே மாதம், முறையான அனுமதி விவரம் இல்லாமல் வாக்கி டாக்கி விற்ற இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது. ஆன்லைனில் கிடைக்குது என்பதற்காக அது அனுமதிக்கப்பட்டது என்று அர்த்தமில்லை.

நேர் வழி ஒன்று இருக்கிறது. ஹாம் ரேடியோ உரிமம். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வு எழுதி உரிமம் எடுத்தால், ஹாம் அலைவரிசைகளுக்கான கருவியை முறைப்படி வைத்துக்கொள்ளலாம். 12 வயது நிரம்பியவர்களே எழுதலாம். 2004 சுனாமியில் அந்தமானோடு தொடர்பு அறுந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த ஹாம் குழுதான் வெளியுலகத்துக்குச் செய்தி கொண்டுவந்தது. இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு அது ஒன்றே போதும்.

ஆன்டெனா எவ்வளவு நீளம் இருக்கணும்?

கணக்கு ரொம்ப சுலபம். 75-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கால் அலை நீளம் மீட்டரில் கிடைக்கும். கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாகப் போவதால், அதிலிருந்து 5 சதவீதம் போல வெட்டிக்கொள்ளணும். திருச்சி ரெயின்போ எஃப்எம் 102.1-க்கு சுமார் 70 செ.மீ. ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 செ.மீ.

அப்போ 1939 மே 16 முதல் இயங்கும் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ்? 80 மீட்டர்! எந்த வீட்டிலும் அதுக்கு இடம் கிடையாது. அதனாலதான் மீடியம் வேவ் ரேடியோவுக்கு உள்ளே கறுப்பு ஃபெரைட் தண்டில் கம்பி சுற்றி வைத்திருப்பார்கள். குச்சியை எவ்வளவு நீட்டினாலும் அதில் ஒன்றும் மாறாது. பெட்டியையே திருப்பி வைத்துப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

ஸ்கேனரோடு வரும் குட்டி ரப்பர் குச்சி எல்லா அலைவரிசைக்கும் 'சுமாராக' வேலை செய்யும்படி சுருக்கிச் செய்யப்பட்டது. கையில் எடுத்துப் போக நல்லது. வீட்டில் நிரந்தரமாக வைக்க அது போதாது.

உயரம்தான் ராஜா

145 மெகாஹெர்ட்ஸ் மாதிரியான அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமி வளைவு குறுக்கே வந்தால் அவ்வளவுதான். எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்குப் போட, ஆன்டெனா உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கணும். வரும் விடை கிலோமீட்டரில். பேசுபவர் பக்கத்துக்கும் இதேபோல் போட்டு இரண்டையும் கூட்டணும்.

திருவெள்ளறைக்கும் திருச்சி நகருக்கும் நேர்கோட்டில் சுமார் 15 கி.மீ. தில்லைநகர் தெருவில் ஒரு ஹாம் நண்பர் கைக்கருவியோடு நின்று பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆன்டெனா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், எட்டும் தூரம் 5 கி.மீ. உங்க வீட்டுக் கீழ்த்தளத்தில் மேஜை மேல ஸ்கேனர், உயரம் 2 மீட்டர் என்றால் சுமார் 6 கி.மீ. கூட்டினால் 11. கேட்காது! அதே ஸ்கேனரின் ஆன்டெனாவை மாடியில் பைப் நட்டு 9 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் 12 கி.மீ. கிடைக்கும். மொத்தம் 17. இப்போ கேட்க வாய்ப்பு இருக்கு. காசு கொடுத்து வாங்கியது ஒரு பைப் மட்டும்தான்.

தென்னந்தோப்பு, கட்டடங்கள், நடுவில் நிற்கும் மலைக்கோட்டை எல்லாம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் குறைக்கும். வானத்தில் இருப்பவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து ஹாம் ஒலி 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும். 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா மாணவர்களோடு ஹாம் ரேடியோவில் பேசினார் இல்லையா, அந்த மாதிரி உரையாடலைப் பிடிக்க மாடியில் நிற்கும் 49 செ.மீ. கம்பியே போதும். தலைக்கு மேலே வரும் 10 நிமிடத்தைத் தவறவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சந்தடி சாக்கில் ஒன்று: 137 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்காவின் நோவா செயற்கைக்கோள் படங்களை வீட்டிலேயே பிடிக்கலாம் என்று சொல்லும் வீடியோக்கள் இன்னும் சுத்திட்டு இருக்கு. அந்தப் பழைய நோவா செயற்கைக்கோள்களின் சேவை 2025 ஆகஸ்ட்டோடு முடிந்துவிட்டது. அதை நம்பி ஆன்டெனா வாங்கிடாதீங்க.

சரி, எந்த வகை வாங்கறது?

ஒரே ஒரு அலைவரிசைதான் குறி என்றால், கால் அலை 'கிரவுண்ட் பிளேன்' ஆன்டெனாவே போதும். நடுவில் ஒரு கம்பி செங்குத்தாக, கீழே நான்கு கம்பிகள் சாய்வாக. ஒரு சாக்கெட், கொஞ்சம் செம்புக் கம்பி, சால்டரிங் தெரிந்த பையன் ஒருத்தன் இருந்தால் ஒரு மணி நேரத்தில் வீட்டிலேயே செய்துவிடலாம். எங்களைக் கேட்டால், புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதிலிருந்துதான் தொடங்கணும்.

பல அலைவரிசைகளை மாற்றி மாற்றிக் கேட்பவர்களுக்கு 'டிஸ்கோன்'. மேலே தட்டு மாதிரி கம்பிகள், கீழே கூம்பு மாதிரி கம்பிகள். அகலமான அலைவரிசையை ஒரே ஆன்டெனா சமாளிக்கும். ஆனால் எதையும் கூடுதலாக இழுத்துத் தராது. விலைக்கு ஏற்ற அதிசயத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அடுத்தது, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா. மீன் எலும்பு மாதிரி இருக்குமே, அதன் பெயர் யாகி-உடா. 1920-களில் ஜப்பானில் உருவானது. ஒரு திசையை மட்டும் கூர்ந்து கேட்கும். கடலோர மாவட்டங்களில் இலங்கை ரூபவாஹினி பார்க்க, ஒருத்தர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, கீழே இருந்து 'தெரியுது... தெரியுது... போச்சு!' என்று கத்திய காலம் ஞாபகம் இருக்கா? அதே கதைதான் இங்கேயும். திருவெள்ளறையில் யாகியைத் தெற்கே திருச்சி பக்கம் திருப்பி வைத்தால், வடக்கே துறையூரை அது கிட்டத்தட்ட மறந்துவிடும். ஸ்கேனர் எல்லாப் பக்கமும் தேடணும் என்றால் யாகி வேண்டாம்.

பரண் மேல் கிடக்கும் பழைய டிவி ஆன்டெனாவையே மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: டிவி ஆன்டெனாவின் கம்பிகள் படுக்கை வசத்தில் இருக்கும். ஹாம் கைக்கருவிகள் செங்குத்து அலையில் பேசும். வசம் மாறினால் சிக்னல் நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம்.

காசை விழுங்கும் கேபிள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். மாடியில் நல்ல ஆன்டெனா வைத்துவிட்டு, கையில் கிடைத்த மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை இழுத்து விடுவார்கள். 15 மீட்டர் நீளத்தில், 145 மெகாஹெர்ட்ஸில் பாதி சிக்னல் கேபிளிலேயே போய்விடும். 1090 மெகாஹெர்ட்ஸ் என்றால் எட்டில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். அதுக்கு ஆன்டெனாவே வைக்காம இருக்கலாம்!

கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கும் ஆர்ஜி-6 இதைவிட எவ்வளவோ மேல். அதே 15 மீட்டரில் 145 மெகாஹெர்ட்ஸில் முக்கால் பங்கு கிடைக்கும். 'அது 75 ஓம் கேபிள், ஸ்கேனருக்கு 50 ஓம் வேணுமே' என்று சிலர் பயமுறுத்துவார்கள். சிக்னல் அனுப்பாமல் கேட்க மட்டும் செய்பவர்களுக்கு அந்த வித்தியாசம் காதுக்கே தெரியாது. வெயிலில் நிற்கும் இணைப்புகளை மட்டும் ரப்பர் டேப் சுற்றி மழைநீர் இறங்காமல் அடைத்துவிடுங்கள்.

பூஸ்டர் போட்டா சரியாயிடுமா?

பெரும்பாலும் கெடும். பூஸ்டருக்கு எது நல்ல சிக்னல், எது இரைச்சல் என்று தெரியாது. எல்லாத்தையும் சேர்த்தே பெருக்கும். திருச்சியில் 93.5, 102.1, 106.4 என்று எஃப்எம் நிலையங்கள் பலமாக ஒலிக்கின்றன. உறையூர், ஸ்ரீரங்கம் மாதிரி நகருக்குள் இருக்கும் வீட்டில் பூஸ்டர் போட்டால், ஸ்கேனரில் எந்த அலைவரிசைக்குப் போனாலும் சினிமாப் பாட்டே கேட்கும் நிலை வரலாம். அங்கே தேவை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸை மட்டும் தடுக்கும் எஃப்எம் ஃபில்டர்.

இரைச்சல் வீட்டுக்குள்ளிருந்தே வருதா என்றும் பாருங்க. கரண்ட் போனதும் ரேடியோ திடீர்னு தெளிவாகும் அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மட்டமான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சத்தம் கிளப்பும். பேட்டரியில் ரேடியோவை ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணைச்சுப் பாருங்க. இரைச்சல் அடங்கினால், ஒவ்வொன்றாகப் போட்டு எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கலாம். மீடியம் வேவ், சிற்றலை கேட்பவர்களுக்குப் புது ஆன்டெனாவைவிட இந்தச் சோதனைதான் அதிகம் உதவும்.

மாடி ஏறுவதற்கு முன்...

கம்பம் நடும் இடத்திலிருந்து மின்கம்பி எவ்வளவு தூரம் என்று முதலில் பாருங்கள். கம்பத்தின் மொத்த உயரத்தைப்போல ஒன்றரை மடங்காவது தள்ளி இருக்கணும். இரும்பு பைப் சாய்ந்து ஈ.பி. லைனில் பட்டால் பிடித்திருப்பவர் பிழைப்பது கடினம். ஒருத்தர் மட்டும் தனியாகத் தூக்கி நிறுத்தவே கூடாது.

கம்பத்துக்கு எர்த் கட்டாயம். திருவெள்ளறை என்றாலே வெண்பாறை என்றுதான் பொருள். குழி தோண்டும்போது பாறை தட்டினால், மேலோட்டமாகக் கம்பியைப் புதைத்துவிட்டு வராதீங்க. மண் ஆழமாக இருக்கும் இடத்துக்கு எர்த்தைத் தள்ளிப் போடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எர்த் போட்டாலும் நேரடி இடிக்கு அது முழுப் பாதுகாப்பு கிடையாது. கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மேகம் கறுக்கத் தொடங்கியதுமே ஆன்டெனா கேபிளை ஸ்கேனரிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். இடி முழங்க ஆரம்பித்த பிறகு அந்தக் கேபிளைத் தொடாதீர்கள்.