லேப்டாப் சூடு: கூலிங் பேட் வாங்கும் முன் ஒரு கணக்கு

கோடை விடுமுறை வந்தாலே தவறாமல் வரும் கேள்வி: "ரெண்டு மணி நேரம் கேம் ஆடினா லேப்டாப் கொதிக்குது, எந்த கூலிங் பேட் வாங்கலாம்?" சூட்டை வெளியே தள்ளுவது எப்படி என்றுதான் எல்லாரும் யோசிக்கிறோம். அந்தச் சூடு எங்கிருந்து வருது, அதில் எவ்வளவு உண்மையிலேயே தேவை என்று முதலில் பார்ப்போம். காசு செலவில்லாத பதில் அங்கேதான் இருக்கு.

அடாப்டரில் போவது எல்லாம் சூடுதான்

மிக்சி மின்சாரத்தை அரைக்கும் வேலையாக மாற்றுது. லேப்டாப்பில் அப்படி ஒன்றும் இல்லை. திரை வெளிச்சம், ஒலி என்று போகும் கொஞ்சத்தை விட்டால், உள்ளே போகும் மின்சாரம் முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வந்தாகணும். கேம் ஆடும்போது ஜிபியு 100 வாட்ஸ், சிபியு 45 வாட்ஸ் இழுக்குதுன்னு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 145. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு இரண்டரையை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் எரிய விட்ட மாதிரி.

இந்தச் சூட்டை சிப்பிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோவது ஹீட் பைப் என்ற செம்புக் குழாய். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய சாதனத்தின் வாரிசு இது. குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். சிப் பக்கம் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும். மறுமுனையில் மீண்டும் நீராகும்போது அதை விட்டுவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் ஆவியாதலால்தான். பானையில் ஆவி வெளியே போயிடும், இங்கே குழாய்க்குள்ளேயே சுற்றி வரும், அவ்வளவுதான் வித்தியாசம். மறுமுனையில் மெல்லிய உலோகத் தகடுகள். அவற்றின் நடுவே விசிறி காற்றை ஊதுது.

கவனிக்க வேண்டியது, அது ஊதுவது உங்கள் அறைக் காற்றை. அதனால் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறையைவிடக் குளிர்ச்சியாக லேப்டாப்பை ஆக்க முடியாது.

இப்போ கணக்கு

சிப்பின் சூடு என்பது அறைச் சூட்டோடு ஒரு கூடுதலைச் சேர்ப்பது. அந்தக் கூடுதல் ஏறக்குறைய வாட்ஸுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஏசி அறை 25 டிகிரி, சிப் 80 என்றால் கூடுதல் 55. அதே லேப்டாப்பை மே மாதத்தில் 37 டிகிரி மாடி அறையில் வைத்தால் 37 கூட்டல் 55, அதாவது 92. ஏசியால் கிடைத்த லாபம் 12 டிகிரி.

அடுத்து மின்சாரம். சிப் இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தையும், வோல்டேஜின் இருமடியையும் பெருக்கினால் வருவது. வேகத்தைக் குறைத்தால் வோல்டேஜும் குறைவாகப் போதும். இரண்டையும் 10 சதவீதம் குறைத்தால் 0.9ஐ மூன்று தடவை பெருக்கணும்: 0.73. வேகத்தில் 10 போனது, சூட்டில் 27 போயிடுச்சு. 55ஆக இருந்த கூடுதல் 40 ஆகும். அதே 37 டிகிரி அறையில் சிப் 77 டிகிரி.

தோராயக் கணக்குதான், மெஷினுக்கு மெஷின் மாறும். ஆனாலும் ஏசி போட்டுக் கிடைத்ததைவிட அதிகம், அதுவும் கரண்ட் பில்லைக் குறைத்துக்கொண்டே கிடைச்சிருக்கு.

என்ன செய்யலாம், எந்த வரிசையில்

முதலில் ஃப்ரேம் வரம்பு. உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படம்தான் காட்டும். ஜிபியு 140 படம் வரைந்து தள்ளினால் மிச்சம் 80 உங்கள் கண்ணுக்கு முழுசாக வரவே வராது, அதன் சூடு மட்டும் வரும். கேமின் செட்டிங்ஸிலோ, கிராஃபிக்ஸ் டிரைவரின் கண்ட்ரோல் பேனலிலோ வரம்பு வைத்துவிடுங்கள். போட்டித் துப்பாக்கி விளையாட்டு ஆடுபவர்களுக்குக் கூடுதல் ஃப்ரேமால் கைவேகத்தில் சிறு லாபம் உண்டு. அவர்கள் அதற்கேற்பக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். கதை விளையாட்டுகளுக்கு அது தேவையே இல்லை.

இரண்டாவது, சிபியுவின் டர்போ. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் "மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட்" என்று ஒரு வரி இருக்கும். 100ஐ 99 ஆக்கினால் பல இன்டெல் லேப்டாப்களில் டர்போ அணைந்துவிடும். சில மெஷின்களில் இந்த வரி மறைந்திருக்கும். அப்போ தயாரிப்பாளரே தரும் ஆப்பில் "சைலன்ட்", "பேலன்ஸ்டு" என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மூன்றாவது, காற்று வழி. பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கம் வழியாகத்தான் மூச்சு இழுக்கும். மெத்தையில் வைத்தால் மூக்கைப் பொத்தின மாதிரி. மேசையில் வைத்து, பின்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டு பாட்டில் மூடி வையுங்கள். மடியில் வேண்டவே வேண்டாம். லேப்டாப்பைத் தொடையில் வைத்துத் தினமும் சில மணி நேரம் கேம் ஆடிய 12 வயதுப் பையனின் தோலில் வலைபோல நிறம் மாறியதை 2010இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழ் வெளியிட்டது. சுடும் அளவுக்குச் சூடு இல்லாவிட்டாலும், நாள்கணக்கில் பட்டால் தோல் மாறும்.

நான்காவது, தூசி. விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி பஞ்சு மாதிரிப் படிந்து காற்றை அடைச்சிடும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேதான் போகும். அடிமூடியைக் கழற்றி எடுப்பதுதான் சரி. பழக்கமில்லை என்றால் கடையில் கொடுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கண்டபடி சுற்றினால் அதன் பேரிங் போகும். சில வருஷமான மெஷின் என்றால் தெர்மல் பேஸ்டையும் அப்போதே மாற்றிவிடலாம்.

இவ்வளவுக்கும் பிறகு சூடு இருந்தால் கூலிங் பேட் வாங்குங்கள். அதன் விசிறி, லேப்டாப் காற்று இழுக்கும் துளைக்கு நேராக இருக்கான்னு பார்த்து வாங்குங்கள். ஐஸ் பேக், ஈரத்துணி எல்லாம் வேண்டாம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் குளிர்ந்த பரப்பில் நீர் கோத்துக்கும், அது உள்ளே இறங்கினால் போர்டு போச்சு.

உண்மையில் எது கெடும்?

95 டிகிரி என்று பார்த்ததும் சிப் எரிஞ்சிடும்னு பயப்பட வேண்டாம். இன்றைய சிப்கள் 95, 100 டிகிரிப் பக்கம் வந்ததும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திடீர் திடீரெனத் திக்குவது அதனால்தான். அதன் கட்டாயத்தில் வேகம் விழுவதைவிட, நாமே முன்கூட்டி அளவாகக் குறைத்து வைத்தால் ஆட்டம் சீராக ஓடும்.

கவலைப்பட வேண்டியது பக்கத்தில் படுத்திருக்கும் பேட்டரியைப் பற்றி. அதிகச் சூட்டில் அது சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொள்ளும், ஆனால் பக்கத்து வீட்டுச் சூட்டைத் தடுக்க அதனால் முடியாது. லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படைவது, முழு சார்ஜும் சூடும் சேர்ந்து இருக்கும்போதுதான். சார்ஜர் செருகி மணிக்கணக்கில் கேம் ஆடுவது அந்த நிலையேதான். உங்கள் லேப்டாப் ஆப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

டச்பேட் மேலே தூக்கியிருக்கா, சமமான மேசையில் லேப்டாப் ஆடுதா, அடிமூடி புடைச்சிருக்கா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். இருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அணைத்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

செய்ததெல்லாம் பலன் தருதான்னு பார்க்க ஒரே வழி அளப்பதுதான். ஹெச்டபிள்யுஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, ஒரே கேமை, ஒரே அறையில், அரை மணி நேரம் ஆடிய பிறகு வெப்பத்தைக் குறியுங்கள். ஒரு மாற்றம் செய்து மறுபடி குறியுங்கள். ஒரே நேரத்தில் நாலு மாற்றம் செய்தால் எது வேலை செய்ததுன்னு கடைசிவரை தெரியாது.