பிண்ணாக்கில் பங்கு கேட்கும் நுண்ணுயிர்கள்

கறவை மாட்டுக்குக் காசு கொடுத்து வாங்கிப் போடும் பிண்ணாக்கு முழுவதும் பாலாக மாறுவதில்லை. அதில் ஒரு பங்கை மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே வீணடித்து விடுகின்றன.

மாடு தின்ற தீனி முதலில் சேருமிடம் பெருவயிறு. அங்குள்ள சாற்றில் ஒரு மில்லி லிட்டரில் மட்டும் சுமார் 1,000 கோடி பாக்டீரியாக்கள் உண்டு. வைக்கோலையும் சோளத் தட்டையையும் நொதிக்க வைத்து மாட்டுக்குச் சத்தாக்கித் தருபவை இவைதான். ஆனால் இக்கூட்டத்தில் ஒரு வகை, பிண்ணாக்கின் புரதத்தை அளவுக்கு மீறிச் சிதைத்து அம்மோனியாவாக்கி விடுகிறது. மிஞ்சும் அம்மோனியா ஈரலில் யூரியாவாகி மூத்திரத்தில் போய்விடும். வேறு சில நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. ஏப்பமாக வெளியேறும் இவ்வாயுவோடு தீனியின் எரிசக்தியில் 100-க்கு 2 முதல் 12 பங்கு வரை போகிறது.

இதைக் குறைக்க மொனென்சின் என்ற மருந்து 1970-களிலிருந்து அமெரிக்காவில் மாட்டுத் தீவனத்தில் சேர்க்கப்படுகிறது. (அந்தத் தீவனத்தில் குதிரை வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து!) நோய்க் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்ற அச்சத்தால், வளர்ச்சிக்காக இத்தகைய மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய நாடுகள் 2006-இல் தடை செய்தன.

மாற்றாக ஆராயப்படுபவை பெப்டைடுகள் என்னும் சிறு புரதத் துண்டுகள். பாலில் வளரும் ஒரு பாக்டீரியா, போட்டிக் கிருமிகளைக் கொல்ல நைசின் என்ற பெப்டைடைச் சுரக்கிறது. பாலாடைக்கட்டி கெடாதிருக்கப் பல நாடுகளில் சேர்ப்பதும் இதைத்தான். எதிரியின் மேல்தோலில் இது ஓட்டை போடும். விரிசல் விட்ட பானைபோல் உள்ளிருப்பது கசிந்து கிருமி மடியும். 1997-இல் அமெரிக்காவில் பெருவயிற்றுச் சாற்றில் நைசினைக் கலந்து பார்த்ததில் மீத்தேன் குறைந்தது. மாட்டு வயிற்றிலேயே வாழும் ஒரு பாக்டீரியா சுரக்கும் போவிசினைக் கலந்தபோது, 2002-இல், மீத்தேன் பாதி வரை குறைந்தது.

இவையெல்லாம் கண்ணாடிக் குடுவையில் கண்டவை. பெப்டைடும் புரதமே; ஆகவே பெருவயிற்றில் புரதம் தின்னும் நுண்ணுயிர்கள் அதையும் தின்றுவிடக்கூடும். சில கிருமிகள் நைசினுக்குப் பழகியும் கொள்கின்றன. எனவே பெப்டைடு கலந்தது என்று யாரேனும் தூள் விற்க வந்தால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் பணத்தை அவிழ்க்க வேண்டாம்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. பிண்ணாக்கை ஒரே வேளையில் கொட்டாமல், தவிடு அல்லது மக்காச்சோள மாவோடு கலந்து இரு வேளையாகக் கொடுக்கலாம். மாவுச்சத்து கிடைத்தால் நுண்ணுயிர்கள் அம்மோனியாவைப் பிடித்துத் தம் உடம்பில் புரதமாக்கிக்கொள்ளும். பிறகு அவையே செரித்து மாட்டுக்குப் புரதமாகும்.

அதற்காக மாவுச்சத்தைத் திடீரென்று கூட்டுவதும் ஆகாது. மாட்டுப் பொங்கலன்று ஆசையாய் ஊட்டும் சோறும் பொங்கலும் அளவு மீறினால் வயிற்றில் புளிப்பு அமிலம் பெருகி நல்ல நுண்ணுயிர்கள் செத்துப் போகும், மாடு படுத்துவிடும். வீட்டிலுள்ள நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைக் கரைத்து ஊற்றினாலும் நல்லவை அழியும். இப்படி அசை போடுவது நின்ற மாட்டுக்கு, நலமான மாட்டின் பெருவயிற்றுச் சாற்றை எடுத்துப் புகட்டும் சிகிச்சையை மருத்துவர்கள் செய்வதுண்டு.