சம்பளச் சீட்டில் இருந்த எண்



சென்ற மாதம் ஒரு மாலை வார்டைச் சுற்றி வருகையில் ஒடிசாவைச் சேர்ந்த வாலிபர் ஒருவரைச் சந்தித்தோம். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கடைவாய்ப் பல் சொத்தையாகிச் சீழ் கட்டி, தாடை வீங்கி, வாயைத் திறக்கவே முடியவில்லை. இத்தகைய சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சையே அடைத்துவிடும் என்றார் டாக்டர். மூன்று வாரமாக மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். "ஏன் தம்பி, முன்பே வரவில்லை?" என்று எங்கள் அரைகுறை இந்தியில் கேட்டோம். லீவு போட்டால் கூலி போகும் என்றார்.

அவருடைய சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது. அது எதற்கென்று அவருக்குத் தெரியாது.

நம்மில் பலருக்கும் தெரியாது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இத்திட்டத்தின் சம்பள வரம்பு 2017 இல் மாதம் 21,000 ரூபாயாக உயர்ந்தது. 2019 ஜூலை முதல் தொழிலாளி 0.75 சதவீதமும் நிர்வாகம் 3.25 சதவீதமும் செலுத்துகின்றனர். 15,000 ரூபாய் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 113 ரூபாய்தான். ஒப்பந்தத் தொழிலாளரும் இதில் அடங்குவர். வேலையில் சேர்ந்த நாள் முதலே வைத்தியம் உண்டு. பல் வைத்தியமும் உண்டு. சொந்த ஊரில் இருக்கும் மனைவி மக்களும் அங்கேயே சிகிச்சை பெறலாம். கம்பெனி மாறினாலும் காப்பீட்டு எண் மாறாது.

ஆனால் விடுப்புக்கான பணம் வேறு கதை. ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான் 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். அதிலும் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. பல் பிடுங்க ஒரு நாள் போதுமே! அந்த ஒரு நாளின் நஷ்டம் தொழிலாளியின் தலையில்தான்.

2018 இல் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் தருகிறது. வேறு மாநிலத்திலும் செல்லும். ஆனால் அது படுக்கையில் சேர்ந்தவர்களுக்கு. சொத்தையை அடைக்க உதவாது. தாடை வீங்கிப் படுத்த பிறகே கண் திறக்கும். இது எங்களுக்கு விசித்திரமாகவே படுகிறது.

ஆகவே, அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிறு மாலைகளில் பல் வைத்தியப் பிரிவைத் திறந்து வைக்கிறோம். தாங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி அதற்கே செலவாகிறது. சம்பளச் சீட்டையும் கொண்டு வரும்படி இந்தியிலும் ஒடியாவிலும் வாசலில் எழுதி வைத்துள்ளோம்.

அந்த வாலிபர் குணமாகிச் சென்றார். போகுமுன் தம் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, செல்போன் உறைக்குள் செருகிக்கொண்டார்.