முதல் எபிசோடைக் கடைசியில் காட்டிய சேனல்: சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர்கள் ஏன் ஜெயிக்கின்றன, ஏன் தோற்கின்றன?

2002 டிசம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனல் ‘ஃபயர்ஃபிளை’ தொடரின் இரண்டு மணி நேர எபிசோட் ஒன்றை ஒளிபரப்பியது. விண்கப்பலின் கேப்டன் யார், எந்தப் போரில் தோற்ற பக்கத்தில் நின்றவர், கப்பலில் இருக்கும் ஒன்பது பேரும் எப்படி ஒன்றுசேர்ந்தார்கள் என்பதையெல்லாம் சொல்லும் எபிசோட் அது. அதாவது, கதையின் முதல் எபிசோட். ஆனால், ரசிகர்கள் அதைப் பார்த்தது பதினொன்றாவதாக. அத்தோடு ஒளிபரப்பும் நின்றுபோனது. எடுத்து வைத்திருந்த 14 எபிசோடுகளில் மூன்று, ஃபாக்ஸில் வரவே இல்லை.

தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் எடுத்துக் கொடுத்த முதல் எபிசோட் சேனல் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. வேகம் போதாது, வேறொன்று வேண்டும் என்றார்கள். ஒரு வார இறுதிக்குள் ரயில் கொள்ளையை வைத்து புதுக்கதை எழுதப்பட்டது. செப்டம்பர் 20ஆம் தேதி அதுதான் முதலில் போனது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால், “யாருப்பா இவங்க? விண்வெளியில ஏன் குதிரை ஓட்டுறாங்க?” என்று குழம்பிய பார்வையாளருக்குப் பதில் சொல்லும் எபிசோட் அலமாரியில் கிடந்தது. நடுவே பேஸ்பால் போட்டிகளுக்காகச் சில வாரங்கள் தொடர் வரவும் இல்லை.

ஒரு சேனலின் சொதப்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்த வகைத் தொடர்கள் எங்கே வழுக்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

போலீஸ் தொடரோ குடும்பத் தொடரோ பார்க்க உட்காரும்போது நமக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். காவல் நிலையம் என்றால் என்ன, மாமியார் என்றால் யார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சயின்ஸ் ஃபிக்‌ஷனில் அப்படி இல்லை. இது எந்த ஆண்டு, யார் ஆட்சி, எந்தக் கருவி என்ன செய்யும் என்று ஓர் உலகத்தையே கற்றுக்கொண்ட பிறகுதான் கதைக்குள் போக முடியும். களைத்துப்போய் வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்காருகிறவரிடம் கேட்கப்படும் நுழைவுக் கட்டணம் இது. இந்தக் கட்டணத்தை எந்தத் தொடர் குறைக்கிறதோ அதற்குக் கூட்டம் சேர்கிறது. கிராபிக்ஸெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ இதை 1963லேயே புரிந்துவைத்திருந்தது. நாயகன் வேற்றுக்கிரகவாசி, காலத்தில் பயணிப்பவர், ஒரு வார்த்தை நேராகப் பேசாதவர். அவரோடு பார்வையாளரைத் தனியாக விடவில்லை. லண்டன் பள்ளி ஆசிரியர்கள் இருவரைக் கூட அனுப்பினார்கள். நமக்கு என்ன புரியவில்லையோ அதையெல்லாம் அவர்கள் கேட்பார்கள். முதல் எபிசோட் வந்தது நவம்பர் 23 அன்று, கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள். யார் பார்த்திருப்பார்கள்? பிபிசி அடுத்த வாரம் இரண்டாம் எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடை மறுபடியும் போட்டது. கதவை இன்னொரு முறை திறந்துவிட்டதுபோல. சில வாரங்களில் ‘டாலெக்’ என்ற இயந்திர எதிரிகள் வந்ததும் பார்வையாளர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். இதில் வேடிக்கை, இந்த மாதிரி அசுரப் பிராணிகளே கூடாது என்று தொடக்கத்தில் சொன்னவர் தொடருக்கு வித்திட்ட சிட்னி நியூமேன்.

‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வின் கதை இன்னும் சுவாரசியம். 1978இல் ஏபிசி சேனல் பெரும் செலவில் எடுத்து, ஒரே சீசனில் நிறுத்திய தொடர் அது. 2003இல் ரொனால்டு மூர் அதே கதையை மறுபடி எடுத்தார். இயந்திரங்களின் தாக்குதலில் தப்பிய சுமார் 50 ஆயிரம் பேர் கப்பல்களில் ஓடுகிறார்கள். 2004இல் வந்த முதல் வாராந்திர எபிசோடில், ஒவ்வொரு 33 நிமிடத்துக்கும் எதிரி வந்துவிடுகிறான். ஐந்து நாளாக யாருக்கும் தூக்கமில்லை. அதைப் புரிந்துகொள்ள எந்த அறிவியலும் தேவையில்லை. கப்பலில் இருப்பதோ வயர் வைத்த பழைய தொலைபேசி. உயிரோடு இருப்பவர் எத்தனை பேர் என்று வெள்ளைப் பலகையில் கையால் எழுதி எழுதி அழிக்கிறார்கள். கல்வி அமைச்சராக இருந்த பெண், மேலே இருந்தவர்கள் எல்லாரும் இறந்துபோனதால் அதிபராகிவிடுகிறார். தண்ணீர்ப் பஞ்சம், தேர்தல், சித்திரவதை சரியா தவறா என்ற வாதம் என்று போன கதை அது. 2009இல் தொடர் முடிகிற நேரத்தில் ஐ.நா. சபையிலேயே அதைப் பற்றி ஒரு கலந்துரையாடல் நடந்தது.

நல்ல கதை இருந்தால் போதுமா?

போதாது. யாருடைய கல்லாவில் காசு விழுகிறது என்பதும் முக்கியம்.

‘ஸ்டார் ட்ரெக்’ 1966இல் என்பிசியில் தொடங்கியது. காசைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்த தொடர். வாரத்துக்கு ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்பதால்தான், ஆட்கள் மின்னி மறைந்து கிரகத்தில் தோன்றும் அந்தப் புகழ்பெற்ற உத்தியே பிறந்தது! இரண்டாவது சீசனில் நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு வந்ததும் ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். தொடர் தொடரும் என்று 1968 மார்ச்சில் சேனல் திரையிலேயே அறிவித்தது. ஆனால் கொடுத்த நேரம் வெள்ளி இரவு 10 மணி. தொடரின் உயிரான இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம். பட்ஜெட்டும் குறைந்தது. 79 எபிசோடுகளோடு 1969இல் கதை முடிந்தது.

முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உள்ளூர் நிலையங்கள் அந்த 79 எபிசோடுகளையும் வாங்கி, 1970களில் தினமும் போட ஆரம்பித்தன. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. எங்கே நுழைந்தாலும் புரியும். வாரம் ஒருநாள் பார்க்காதவர்கள் தினமும் மாலையில் பார்த்தார்கள். தோற்ற தொடர் 1979இல் சினிமாவானது.

இந்த நம்பிக்கையில்தான் ‘ஃபயர்ஃபிளை’ ரசிகர்களும் டிவிடியை வாங்கித் தள்ளினார்கள். 2005இல் ‘செரினிட்டி’ என்ற படமும் வந்தது. ஏறக்குறைய 3.9 கோடி டாலர் செலவு; உலகம் முழுக்க வசூல் சுமார் 4 கோடி டாலர். திரையரங்குகளின் பங்கு போனால் நஷ்டம். ஒரு லட்சம் பேர் உயிரையே விடுவார்கள் என்பதும், ஒரு கோடிப் பேர் டிக்கெட் வாங்குவார்கள் என்பதும் ஒன்றல்ல. விண்கப்பல் கட்டுகிற செலவு இரண்டாவது கணக்கைத்தான் கேட்கிறது.

2015இல் சைஃபை சேனலில் தொடங்கிய ‘தி எக்ஸ்பேன்ஸ்’ வேறு விதமாக மாட்டிக்கொண்டது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அமெரிக்காவில் முதல்முறை ஒளிபரப்பும் உரிமை மட்டுமே சைஃபையிடம் இருந்தது. பிறகு இணையத்தில் எத்தனை பேர் பார்த்தாலும் அந்தச் சேனலுக்கு ஒரு காசு கிடையாது. மூன்றாவது சீசனோடு 2018 மே மாதம் கைவிட்டது. ரசிகர்கள் விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ‘எக்ஸ்பேன்ஸைக் காப்பாற்றுங்கள்’ என்ற பதாகையோடு அமேசான் ஸ்டுடியோவுக்கு மேலே பறக்கவிட்டார்கள். அதே மாதத்தில் அமேசான் தொடரை எடுத்துக்கொண்டது. அதே தொடர், அதே ரசிகர்கள். கணக்குப் புத்தகம் மட்டும் வேறு. ஆறு சீசன் வரை ஓடியது.

எழுதுகிறவர்களும் இந்த ஆபத்தைத் தெரிந்தேதான் எழுதுகிறார்கள். ‘பாபிலோன் 5’ தொடரை ஐந்தாண்டுக் கதையாகத் திட்டமிட்ட ஜெ. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, முக்கியக் கதாபாத்திரங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அவசர வழியை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். நாயகன் ஒரே சீசனில் விலகியபோது அது கைகொடுத்தது. நான்காவது சீசனோடு நின்றுவிடும் என்ற பயத்தில் கதையை அவசரமாக முடித்து, இறுதி எபிசோடையும் எடுத்து வைத்தார். அப்புறம் பார்த்தால் வேறொரு சேனல் ஐந்தாவது சீசனுக்குக் காசு கொடுத்தது! அந்த இறுதி எபிசோடைப் பத்திரமாக ஓராண்டு வைத்திருந்து, கடைசியில் போட்டார்கள்.

ஓடிடி வந்த பிறகு வெள்ளி இரவுப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. எபிசோட் வரிசையை யாரும் மாற்றுவதில்லை. ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது. ‘டார்க்’ என்ற ஜெர்மன் தொடர் நெட்ஃபிளிக்ஸில் மூன்று சீசன்களில் தன் காலப்பயணப் புதிரை முழுதாக அவிழ்த்து முடித்தது. அதே படைப்பாளிகளின் ‘1899’ 2022 நவம்பரில் வந்தது. முதல் சீசன், பெரிய புதிர் ஒன்றின் வாசலில் நின்றது. 2023 ஜனவரியில் ரத்து. நடுக்கடலில் விட்டதுபோல ஆனது ரசிகர்களுக்கு.

இப்படி நாலைந்து முறை சூடு பட்டவர் புதுத் தொடர் வந்ததும் என்ன செய்வார்? “முடியட்டும், முழுசா வந்த பிறகு பார்த்துக்கலாம்” என்று ஒதுக்கி வைப்பார். அவர் பார்வையில் அது நியாயம். ஆனால், அடுத்த சீசன் வேண்டுமா என்று முதல் சில வாரங்களிலேயே கணக்குப் பார்க்கும் நிறுவனத்தின் பட்டியலில் அவர் ‘பார்க்காதவர்’.