முதல் மூச்சுக்கு முன்னே

கருப்பையில் மிதக்கும் சிசுவின் நுரையீரலில் காற்று கிடையாது. அங்கே நிறைந்திருப்பது நுரையீரலே சுரந்த நீர். வேண்டிய பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. வேலையில்லாத உறுப்புக்கு இரத்தத்தை அள்ளிக் கொடுப்பானேன்? ஆகவே நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கியே இருக்கின்றன. இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் அதற்குள் செல்கிறது.

பிறந்த சில நிமிடங்களில் இந்நிலை தலைகீழாக வேண்டும். குழாய்கள் விரியாவிட்டால் குழந்தை நீலம் பாரித்துவிடும். சில சிசுக்களுக்கு மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை இருக்கும். குடல் மேலேறி நுரையீரலை நெருக்கும். இது முன்பே தெரிந்தால், சுவாசக் கருவியும் அறுவை மருத்துவரும் தயாராக உள்ள இடத்தில் பிரசவம் பார்க்கலாம்.

படம் காட்டும் ஸ்கேன் நுரையீரலின் அளவைச் சொல்லும். உள்ளே ஓடும் இரத்தத்தை அறிய உதவுவது டாப்ளர் விளைவு. ஆஸ்திரியரான கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் பிராக் நகரில் இதை எடுத்துரைத்தபோது அவர் எண்ணியது விண்மீன்களின் நிறத்தைப் பற்றி! நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகக் கேட்பதும் இதனால்தான்.

வினாடிக்கு 30 லட்சம் அதிர்வுகள் கொண்ட கேளா ஒலியைத் தாயின் வயிற்றின் மேலிருந்து செலுத்துவதாகக் கொள்வோம். திசுக்களில் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர். கருவியை நோக்கி நேராக, வினாடிக்கு 50 செ.மீ. வேகத்தில் வரும் இரத்த அணுக்கள் அதை எதிரொலித்தால், திரும்பும் ஒலியில் ஏறக்குறைய 1950 அதிர்வுகள் கூடியிருக்கும். (அணு ஒலியை வாங்கும்போது ஒரு முறை, திருப்பும்போது மறுமுறை என மாற்றம் இருமடங்காகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்.) இந்த வித்தியாசம் நம் செவிக்கு எட்டும் ஒலியே. அதனால் ஒலிபெருக்கியில் இரத்தம் பாய்வதை 'உஷ், உஷ்' என்று கேட்கவே முடிகிறது!

திரையில் அது அலைக்கோடாகவும் தெரியும். சிசுவின் நுரையீரல் தமனியில் கோடு ஊசிபோல் எழுந்து சட்டென விழும். குழாய்கள் இறுகியிருப்பதன் அடையாளம் அது. தாயைச் சிறிது நேரம் பிராணவாயு மிகுந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தால் என்ன ஆகும்? 1998இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 20 முதல் 26 வாரச் சிசுக்களில் மாற்றமில்லை. 31 முதல் 36 வாரச் சிசுக்களிலோ குழாய்கள் தளர்ந்து இரத்தம் கூடுதலாகப் பாய்ந்தது. முதல் மூச்சுக்கான ஆயத்தம் கடைசி வாரங்களில்தான் கைகூடுகிறது போலும்.

அளப்பது சுலபமல்ல. ஒலிக்கற்றை சாய்ந்தால் வேகம் குறைவாகத் தோன்றும். டாப்ளர் ஒலி திசுக்களைச் சற்றே சூடாக்கக்கூடும் என்பதால், தேவையானபோது மட்டும், குறைந்த நேரமே செலுத்துவார்கள். அதற்குள் சிசு புரண்டு படுத்துவிட்டால், மருத்துவர் காத்திருக்க வேண்டியதுதான்!