அம்பாசடரின் பெட்ரோல் டியூபுக்கு வயது என்ன?

கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி பக்கத்துப் பழைய வீடுகளின் கார் கொட்டகைகளில் இன்னமும் அம்பாசடர்கள் நிற்கின்றன. முகூர்த்தத்துக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் மட்டும் வெளியே வருகிற வண்டிகள். உத்தரபாரா ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் எஞ்சின் வேலையைக் கைவிடாத மெக்கானிக்குகள் டெல்டாவில் இருக்கும்வரை அம்பாசடர் ஓடும். அந்த எஞ்சினைவிட எனக்குக் கவலை தருவது, அதற்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ஒரு சாண் ரப்பர் டியூப்தான்.

டாங்கிலிருந்து முன்பக்கம் வரை பெட்ரோல் இரும்புக் குழாயில் வருகிறது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் ஆடிக்கொண்டே ஓடுவதால், கடைசித் துண்டு வளைந்துகொடுக்க வேண்டும். அதற்குத்தான் டியூப். பழைய மெக்கானிக்கல் பம்ப் தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு மூன்று முதல் ஐந்து பவுண்டுதான். இவ்வளவு குறைந்த அழுத்தத்துக்கு எந்த டியூபும் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். டியூபைக் கொல்வது அழுத்தமல்ல, உள்ளே ஓடும் திரவம்.

அந்தத் திரவம் இப்போது மாறிவிட்டது. பெட்ரோலில் 5 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டம் 2003-ல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் தொடங்கியது. 2022-ல் கலப்பு 10 சதவீதமானது. 20 சதவீதக் கலப்பு 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசியிலிருந்து எத்தனால் எடுக்க 2020-லேயே அனுமதி கிடைத்தது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும்கூட எத்தனால் எடுக்கிறார்கள். நெல்லும் கரும்பும் விளைகிற ஊர்க்காரர்களுக்கு இது நல்ல செய்தி. நானும் இந்தத் திட்டத்துக்கு எதிரி இல்லை. ஆனால் 1970-களில் செய்த வண்டி இந்தப் பெட்ரோலைக் கண்டதில்லை.

பழைய டியூப்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடைன் என்ற இரண்டு பொருள்களை இணைத்துச் செய்வது. வெறும் பெட்ரோலை அது நன்றாகவே தாங்கும். வெறும் எத்தனாலிலும் பெரிதாகக் கெடாது. இரண்டையும் கலந்தால்தான் வினை. தனி எத்தனாலில் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். பெட்ரோலில் கரையும்போது அந்தப் பிடி தளர்கிறது. விடுபட்ட மூலக்கூறுகள் ரப்பருக்குள் எளிதாக நுழைகின்றன. அதனால் கலவையில் ரப்பர் உப்பும் அளவு, தனித்தனியே உப்பும் அளவைவிட அதிகம். உள்ளே போன திரவம், ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் சேர்மானங்களைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடுகிறது. பிறகு வண்டி மாதக்கணக்கில் நின்று டியூப் காய்ந்தால், சுருங்கி, விறைத்து, வெடிக்கிறது.

வெளிப்பக்கத்தில் வேறொரு எதிரி: காற்றிலுள்ள ஓசோன். நைட்ரைல் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோன் அவற்றைத்தான் குறிவைத்து வெட்டும். இழுபட்டு நிற்கும் இடத்தில் வெட்டு வேகமாக நடக்கும் என்பதால், விரிசல் முதலில் தெரிவது வளைவுகளிலும் கிளிப்பின் ஓரத்திலும்தான். சித்திரை வெயிலும் எஞ்சின் சூடும் இதை இன்னும் விரைவுபடுத்தும். துணிப்பின்னல் போர்த்திய பழைய டியூபில் விரிசல் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் அந்த வகையை நான் அறவே நம்புவதில்லை.

சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம், செலவு குறைவுதான் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்னது. தினமும் ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. வருஷத்துக்கு நாலைந்து கல்யாணம் போய்வரும் அம்பாசடர் அந்தக் கிலோமீட்டரை எட்டவே எட்டாது. டியூபோ பெட்ரோலில் ஊறியபடி நாள் தவறாமல் கிழடாகிக்கொண்டிருக்கும். நம் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, வருஷக் கணக்குதான்.

இன்னொரு ஏமாற்று உண்டு. பம்ப் எஞ்சினிலேயே இருப்பதால், டாங்கிலிருந்து வரும் பக்கம் உறிஞ்சும் பக்கம். அங்கே டியூப் வெடித்தால் வண்டி ஓடும்போது பெட்ரோல் சொட்டாது, காற்று உள்ளே போகும். மேம்பாலம் ஏறும்போது வண்டி திக்கும். பழி கார்புரேட்டர் மேல் விழும், அதைக் கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். டீசல் அம்பாசடருக்கு எத்தனால் தொல்லை இல்லை. ஆனால் இதே காற்றுக் கோளாறால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

மாற்றும்போது எதை வாங்குவது? டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் தரக் குறியைப் படியுங்கள். ஜே30 ஆர்7 என்றிருந்தால் உள்ளே பெரும்பாலும் நைட்ரைல். ஜே30 ஆர்9 என்றிருந்தால் உட்சுவரில் புளூரோ ரப்பர் அடுக்கு இருக்கும். டூபான்ட் 1957-ல் வைட்டான் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த ரப்பரின் குடும்பம் அது. கார்பன் சங்கிலியைப் புளூரின் அணுக்கள் சூழ்ந்திருப்பதால் எத்தனால் அவ்வளவு எளிதில் ஊடுருவ முடியாது. விலை கூடத்தான் கூடும். தேவைப்படுவதோ ஒரு மீட்டருக்குள்தான். பெட்ரோல் போவது தெரியட்டும் என்று போடும் கண்ணாடி பிளாஸ்டிக் டியூப் வேண்டவே வேண்டாம், சூட்டில் அது விறைத்து நழுவும். கடை வாசலில் வருஷக்கணக்கில் தொங்கிய சுருளையும் வாங்காதீர்கள், அது வண்டிக்கு வரும் முன்பே பாதிக் கிழடு. உள்விட்டம் குழாயோடு பொருந்த வேண்டும். பழைய குழாய்கள் அங்குலக் கணக்கில் வந்தவை என்பதால் அளந்தே வாங்குங்கள். வரிவரியாக ஓட்டை வெட்டிய சாதாரண ஸ்க்ரூ கிளிப் ரப்பரைக் கடித்து அறுக்கும். விளிம்பு மடித்த, ஓட்டையில்லாப் பட்டையுள்ள கிளிப்பாகக் கேளுங்கள். பம்புக்குள் இருக்கும் டயாபிராமும் பழைய ரப்பர்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரும் சைலன்சருக்குப் போகும் சூடான மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே தீப்பற்றக் கூடியது. டியூப் எப்போது போட்டது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லையென்றால், அடுத்த முகூர்த்தத்துக்கு வண்டியை எடுக்கும் முன்பே எல்லாத் துண்டுகளையும் மாற்றிவிடுங்கள்.