ஒரே ஒரு கார்பன் அணு

மெத்தனாலையும் எத்தனாலையும் வேறுபடுத்துவது ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும்தான். இரண்டுக்கும் நிறம் கிடையாது, வாடையும் ஏறக்குறைய ஒன்றே. குடிப்பவரால் பிரித்தறிய முடியாது. உள்ளே போன மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

குடிப்பவருக்குத் தெரியாவிட்டாலும், ஒரு கார்பன் அணு கூடினாலும் குறைந்தாலும் மின்னோட்டம் அதைக் காட்டிக்கொடுக்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லதா வெங்கடராமன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாக அளந்தது. தங்க ஊசி முனையைத் தங்கப் பரப்பில் தொடவைத்து மெல்ல இழுப்பார்கள். தங்கம் நீண்டு மெலிந்து ஒற்றை அணு அகலத்துக்கு வரும். அப்போது மின்தடை ஏறத்தாழ 12,900 ஓம். இன்னும் இழுத்தால் அறுந்துவிடும். அந்த இடைவெளியில், இரு முனையிலும் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் அமீன் தொகுதி கொண்ட மூலக்கூறு ஒன்று வந்து மாட்டிக்கொள்ளும். அதன் வழியே பாயும் மின்னோட்டத்தை அளப்பார்கள். இதையே ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

கார்பன் சங்கிலியில் எலெக்ட்ரான் செப்புக்கம்பியில் ஓடுவதுபோல் ஓடுவதில்லை. தாண்டிச் செல்லப் போதிய ஆற்றல் இல்லாத தடையையும் ஊடுருவி மறுபக்கம் போய்ச் சேர்கிறது. குவாண்டம் இயற்பியல் இதற்கு இடம் கொடுக்கிறது. தடை நீள நீள, அந்த வாய்ப்பு மளமளவெனச் சரிகிறது. சங்கிலியில் ஒரு கார்பன் கூடினால் மின்கடத்தல் சுமார் இரண்டரை மடங்கு குறைகிறது.

ஆனால் மெத்தனாலுக்குத் தங்கத்தைப் பற்றிக்கொள்ள அமீன் தொகுதி கிடையாது. ஆய்வகத்து ஊசிமுனையை ஊருக்குள் கொண்டுவரவும் முடியாது. நடைமுறைக்கு நெருங்கி வந்திருப்பது, சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக் ஆய்வாளர்கள் 2019இல் அறிவித்த கையடக்கக் கருவி. அதன் உணரி பல்லேடியம் கலந்த டின் ஆக்சைடு. சூடான ஆக்சைடின் மேல் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன், எலெக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருக்கும். ஆல்கஹால் ஆவி அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்ததும் எலெக்ட்ரான்கள் விடுபட, மின்தடை இறங்கும். இரண்டு ஆல்கஹாலுக்கும் இப்படித்தான் இறங்கும் என்பதே சிக்கல். அதனால் ஆவியை முதலில் டெனாக்ஸ் என்னும் பாலிமர்த் துகள்கள் நிரப்பிய சிறு குழாய்க்குள் செலுத்தினார்கள். எத்தனால் துகள்களில் ஒட்டித் தாமதிக்கும். மெத்தனால் முந்திக்கொண்டு இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும். எளிமையான, அருமையான தீர்வு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு மெத்தனால் இருந்தாலும் கருவி கண்டுகொள்கிறது. மது அருந்தியவரின் மூச்சுக்காற்றில் மெத்தனாலைச் சேர்த்துச் சோதித்தபோதும் பிரித்துக் காட்டியது.

மெத்தனால் குடித்தவருக்குப் பார்வை மங்கவும் மூச்சு வாங்கவும் பல மணி நேரம் ஆகும். சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். ஃபோமெபிசோல் மருந்து, அது இல்லாத இடத்தில் மருத்துவர் அளவோடு கொடுக்கும் எத்தனால், அமிலம் உருவாவதைத் தடுக்கும். டயாலிசிஸ் நஞ்சை வெளியேற்றும். குடித்தது மெத்தனால் என்று நேரத்தோடு தெரிந்தால்தான் இவையெல்லாம் முழுப் பலன் தரும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ரிஷிவந்தியம் முதல் கல்வராயன் மலை வரை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இத்தகைய கருவி ஒன்றை அரசு வைக்க வேண்டும்.